கதிர்காமத்தில் எங்கே தங்குவது?

ஆடி மாதம் அணுகும்போது எமது மன்றத்துக் கூட்டங்களிலே ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுவதுண்டு. கதிர்காமத்திற் கொடியேறியபின் எந்நாளிற் புறப்படுவது என்பதில் எவருக்கும் பேதமில்லை. எங்கே தங்குவது என்பதிலேதான் சபை இரண்டுபடும். இளைஞர் கைத்தொலைபேசியை எடுத்துத் திசமகாராமையிலே விசிறி பூட்டிய அறை என்ன விலை என்று பார்க்கத் தொடங்குவர். முதியோர் முகஞ்சுளித்து, "மனே, சாமியிட்டப் போறவனுக்கு அறை எதுக்கு? ஆத்து மணல் காணாதா?" என்பர். இவ்வழக்கு கைத்தொலைபேசியோடு வந்ததென்று இரு சாராருமே எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதனை அறிந்தபின் வழக்காடுவதே நன்று என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கதிர்காமம் காசியைப் போலவோ மதுரையைப் போலவோ வீதிகளும் மாடங்களும் நிறைந்த நகரமாக வளர்ந்ததன்று. காட்டின் நடுவே மாணிக்க கங்கைக் கரையிற் சில கோயில்களும் சில குடிகளும் இருந்தன, அவ்வளவே. எனினும் அதன் கீர்த்தி காட்டைக் கடந்து பரந்திருந்தது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் அது. கண்டி இராச்சியத்திலே நெடுங்காலம் சிறையிருந்து மீண்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட தம் நூலிலே, கீழ்க்கரையில் உப்பெடுக்க வருவோர் கதிர்காமத் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்தும் வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார். ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமற்றுக் கிடக்கும் இடம், திருவிழாக் காலத்தில் மாத்திரம் ஊராகிவிடும். வந்தவர் கம்பும் குழையும் வெட்டித் தாமே கொட்டில் கட்டுவர். விழா முடிந்ததும் அக்கொட்டில்கள் மக்கி மண்ணாகும். அடுத்த ஆண்டு மீண்டும் கட்டுவர். ஆகவே அந்நாளில் தங்குமிடத்தைத் தெரிவது என்றால் ஒரு மரநிழலைத் தெரிவதே.

இந்நிலையில் நிலையாக நின்ற தங்குமிடம் ஒன்று உண்டு. அதுவே கல்யாண மடம். வடநாட்டிலிருந்து வந்த கல்யாணகிரி சுவாமி என்னும் துறவி முருகப்பெருமானை மீண்டும் பாரதத்துக்கு அழைத்துச் செல்லும் நோக்கோடு இங்கே தவமிருந்தார் என்றும், பெருமான் இவ்விடத்தை விட்டுப் பெயரத் திருவுளங் கொள்ளாமையால் அவரும் இங்கேயே தங்கிவிட்டார் என்றும் ஐதிகம் கூறும். அழைக்க வந்தவர் தங்கிவிட்டார்! கதிர்காமத்து மடங்களின் சரித்திரம் இங்ஙனம் தொடங்குவது எமக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

இது வெறும் ஐதிகமாக நின்றுவிடவில்லை. ஆங்கிலேய இராணுவ வைத்தியரான ஜோன் டேவி என்பவர் 1821 இல் வெளிவந்த தமது நூலிலே இம்மடத்தைத் தாம் கண்டவாறு எழுதியுள்ளார். களிமண்ணாலான பெரிய ஆசனம் ஒன்று அங்கே இருந்தது. அதன்மேற் சிறுத்தைத் தோல்கள் விரிக்கப்பட்டிருந்தன. முதற் பூசகரான கல்யாணநாதரின் நினைவாக அது போற்றப்பட்டது. டேவி இந்நாட்டிலிருந்த காலம் 1817, 1818 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஒட்டியது. அக்கிளர்ச்சிக்குத் தலைவனாக எழுந்தவன் கதிர்காமத் தெய்வத்தின் அருள் தனக்குண்டு என்று கூறியே எழுந்தான். நாடு சீரழிந்து கிடந்த அவ்வேளையிலும் மடம் நின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கல்யாணகிரியின் பின் வடநாட்டுத் தசநாமித் துறவிகளின் பரம்பரை ஒன்று அங்கே தொடர்ந்தது. தெய்வானையம்மன் கோயில் அவர்கள் பொறுப்பில் வந்தது. அரசகுமாரி என்று சொல்லப்படும் பாலசுந்தரி என்னும் அம்மையார் இளமையிலேயே பெருமானுக்கு நேர்ந்துவிடப்பட்டு வடநாட்டிலிருந்து இங்கு வந்து, இறுதிவரை தவவாழ்வு வாழ்ந்தார் என்பர். அவருக்குப் பின் விளங்கியவர் கேசோபுரி சுவாமி. பாலன்றி வேறுணவு கொள்ளாமையால் "பால்குடி பாவா" என்றே சனங்கள் அவரை அழைத்தனர். 1898 இல் அவர் சமாதியடைந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1924 இல் வெளிவந்த தமது கதிர்காமக் கட்டுரையிலே இப்பெரியாரைப் பற்றிப் பக்தியோடு எழுதியிருக்கின்றார். தமிழ் பேசாத் துறவி ஒருவரைத் தமிழடியார் தம் குருவாகக் கொண்டாடியதும், சிங்களக் கப்புராளைமார் பூசை செய்யும் கோயிலின் அருகே அவருடைய மடம் விளங்கியதும் கதிர்காமத்துக்கே உரிய காட்சி.

முசுலிம் சகோதரரை மறந்துவிடலாகாது. வள்ளியம்மன் கோயிலுக்கு அண்மையிலே பள்ளிவாசல் இருக்கின்றது. அங்கே வரும் பக்கீர்மாரும் யாத்திரிகரும் பள்ளிவாசற் சூழலிலே தங்குவர். பௌத்தருக்குக் கிரிவிகாரைச் சூழல் உண்டு. இவ்வாறு ஒவ்வொரு சாராருக்கும் ஓரிடம் இருந்தது. எவருக்கு ஓர் ஊரில் மடம் இருக்கின்றதோ அவருக்கே அவ்வூரில் உரிமையோடு கால் நீட்ட இடமுண்டு. புனித நகரங்கள் யாவற்றிலும் இதுவே வழக்கம். காசிக்குத் தமிழர் எவ்வளவு தொலைவிலிருந்து சென்றனர்! அங்கே 17 ஆம் நூற்றாண்டிற் குமரகுருபர சுவாமிகள் கேதார கட்டத்திலே மடம் நிறுவினார்; 1863 இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கண்டனர். கேதாரப் பகுதியிலே இன்றும் தமிழ்க்குரல் கேட்பது இவற்றின் பயனே. சிதம்பரத்திலே ஞானப்பிரகாசர் திருக்குளம் ஈழத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரின் பெயரைத் தாங்கி நிற்பதையும் இங்கே நினைவுகூரலாம். பறங்கியர் காலத்தில் யாழ்ப்பாணத்தை நீங்கிச் சென்றவர் அவர்.

மீண்டும் மாணிக்க கங்கைக் கரைக்கு வருவோம். ஆற்று மணலைப் புகழும் எம் முதியோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 19 ஆம் நூற்றாண்டிலே அந்த மணலிலேதான் வாந்திபேதி மக்களை வாரிக்கொண்டு சென்றது. குளிப்பதும் குடிப்பதும் ஒரே நீரில், ஆயிரக்கணக்கானோர் ஒரே கரையில், மலசலத்துக்கு ஒழுங்கில்லை. யாத்திரிகர் வந்த வழியே நோயும் ஊர்களுக்குப் பரவியது. அதனால் 1870 களில் அரசாங்கம் யாத்திரிகரின் தொகையைக் குறைத்து, அனுமதிச் சீட்டு இன்றி எவரும் செல்லலாகாது என்று கட்டுப்படுத்தியது. சமயத்தை ஒடுக்குவதற்கே இவ்வாறு செய்தனர் என்று சொல்வோருளர். பெருங்கூட்டத்தைக் கண்டு அரசாங்கம் அஞ்சியதும் மெய். நோய் கொன்றதும் மெய். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் என்பவரும் யாத்திரைக் காலத்திற் கதிர்காமத்திலே தங்கி மேற்பார்வை செய்யவேண்டியிருந்தது. பின்னர் அவர் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவலிலே வரும் "பெரகம" யாத்திரை கதிர்காமத்தை நினைந்து எழுதியதேயாம்.

எனவே நல்ல நீரும் கூரையும் ஒழுங்கும் உள்ள மடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் சுகபோக விருப்பத்தாற் பிறந்ததன்று. உயிர்காக்கும் எண்ணத்தாற் பிறந்தது. 1950 ஆம் ஆண்டை ஒட்டித் திசமகாராமையிலிருந்து பஸ் ஓடத் தொடங்கியதும் கூட்டம் பன்மடங்காயிற்று. குழந்தை குட்டிகளோடும், காட்டு வழியில் நடக்க இயலாத முதியவரோடும் குடும்பங்கள் வந்திறங்கின. அக்காலத்தே இராமகிருஷ்ண மிஷனார் அமைத்த யாத்திரிகர் மடம் செய்த உபகாரம் சொல்லில் அடங்காது. சாதி பாராது, சமயம் பாராது இடங்கொடுத்தனர். பசித்தவருக்கு அன்னம் இட்டனர். மட்டக்களப்பார்க்கு அது அயலார் மடமாகத் தோன்றவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1925 முதல் மிஷன் பாடசாலைகளை எம் நாட்டில் வளர்த்து, 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தவர். அம்மிஷன் கதிர்காமத்திலும் கதவு திறந்து வைத்திருக்கின்றது என்றால், எம்மவர் சொந்த வீட்டுக்குச் செல்வதுபோலச் சென்றதில் வியப்பென்ன?

அக்கதவு நெடுங்காலம் எமக்குத் திறந்திருக்கவில்லை. கோயிலைச் சூழ்ந்த நிலம் புனித பிரதேசமாக ஒழுங்கு செய்யப்பட்டது. கடைகளும் குடிமனைகளும் அகற்றப்பட்டன. ஆற்றுக்கு அப்பாற் புதுநகர் எழுந்தது. ஒழுங்கு தேவையே, கோயில் வாசலிற் கடைகள் நெருக்கியதை எவரும் விரும்பவில்லை. ஆயின் அவ்வொழுங்கினூடே 1970 களில் மிஷன் மடமும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. ஒரு கட்டடம் போயிற்று என்று மாத்திரம் இதனைக் கொள்ள எமக்கு மனம் வரவில்லை. தமிழ் யாத்திரிகன் யாரையும் கேளாது உள்ளே சென்று பாயை விரிக்கும் உரிமை அன்றோ போயிற்று! அதன்பின் 1983 ஆம் ஆண்டின் கலவரமும் போரும் வந்தன. யாத்திரை குன்றியது. அக்காலத்திற் கதிர்காமத்துக்குச் செல்லும் தமிழன் எங்கே தங்குவது என்று கேட்கவில்லை. தங்காமல் அன்றே திரும்பலாமா என்றே கேட்டான்.

இனி, கால்நடையாகச் செல்வோர் வழி வேறு. அவர்கள் அறையையும் தெரிவதில்லை, மடத்தையும் தெரிவதில்லை, தண்ணீரைத் தெரிகின்றனர். வாவிக்கரை ஊர்களிலிருந்து புறப்பட்டு, காரைதீவுக் கண்ணகியம்மன், திருக்கோவிற் சித்திரவேலாயுதர், சங்கமன்கண்டிப் பிள்ளையார் என்று கோயில் கோயிலாகத் தங்கிச் செல்வர். பொத்துவிலும் பாணமையும் கடந்து உகந்தமலை வரை கோயில் வாசல்களே சத்திரங்கள். ஊரவர் இடும் சோறே உணவு. உகந்தைக்கு அப்பாற் காடு. காட்டு வழி திறக்கும் நாளை அறிந்தே செல்லல் வேண்டும். 1938 முதல் யாலை தேசிய வனமாக இருக்கின்றமையாற் காவலரின் அனுமதியும் வேண்டும். கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாளை, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் தலைமுறை தலைமுறையாக மாறாதிருப்பதற்குக் காரணம் நீரே. ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுக் காணுமிடமே அன்றிரவு வீடு. பொழுது சாயுமுன் சேர்ந்துவிட வேண்டும். யானைக்கும் கரடிக்கும் அஞ்சித் தீ மூட்ட வேண்டும். முதியவரும் பெண்களும் நடுவே, இளைஞர் புறத்தே படுக்க வேண்டும். போரால் நலிந்திருந்த இப்பாதயாத்திரை 1988 முதல் மீண்டும் ஒழுங்காக நடைபெறத் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே நடக்கின்றனர்.

இவ்வாறு நடந்து சேர்ந்தவன் கதிர்காமத்திலே அறை தேடித் திசமகாராமைக்கு ஓடுவது எமக்கு உடன்பாடன்று. தெய்வானையம்மன் கோயிற் சூழலிலோ ஆற்றங்கரை மருதநிழலிலோ அவன் தங்குதலே முறை. விடியற்பூசை மணி காதில் விழவேண்டும். இரவிலே யானைமேல் யந்திரப்பேழை வள்ளியம்மன் கோயிலுக்கு எழுந்தருளும்போது பாயிலிருந்து எழுந்து நின்று அரோகரா சொல்லும் தூரத்தில் இருக்கவேண்டும். பல மைல் தள்ளித் தங்கியவன் அவ்வேளை வாகனத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பான்.

ஆயின் அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தளை வழியாகப் பஸ்சிலே நாள் முழுதும் குலுங்கி வரும் தாய்மாரையும், நீரிழிவுக்கு மருந்து கொண்டு வரும் பெரியோரையும் மணலிற் கிடத்துவது பக்தியாகாது. அவர்கள் புதுநகரிலே துப்புரவான விடுதியைப் பார்த்துத் தங்கட்டும். விடுதியைத் தெரியும்போது விசிறியைப் பார்க்குமுன் நீரைப் பார்க்க. ஆற்றைக் கடந்து கோயிலுக்கு நடக்கும் தூரத்தைப் பார்க்க. மாமிசம் சமைக்காத வீடா என்று கேட்க. தீர்த்தோற்சவ வாரத்தில் விலை ஏறும். கொடியேறிய முதல் வாரத்திற் சென்றால் இடமும் கிடைக்கும், நெரிசலும் குறையும். சபையில் இதனைச் சொன்னபோது முதியோரிற் சிலர் உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அங்கும் செல்ல இயலாதவர்க்கு எம் வாவியின் மேலைக்கரையிலே மண்டூர் இருக்கின்றது. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற அத்தலத்திலும் திரைக்குப் பின்னேதான் பூசை. குருமண்வெளித் துறையிலே ஓடமேறி அக்கரை சேர்ந்தால், தங்குமிடம் பற்றிய வினாவே எழுவதில்லை. திருவிழாக் காலத்தில் மண்டூரிலே உறவினர் இல்லாத மட்டக்களப்பார் மிகச் சிலர். உறவு இல்லாதவரையும் எவரேனும் ஒருவர் வளவுக்குள் அழைத்து உலை வைத்துவிடுவர்.

கதிர்காமத்தில் அத்தகைய வளவு எமக்கு மீண்டும் வேண்டும். புதுநகரிலே ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, இரண்டு மண்டபம், ஓர் அடுக்களை போதும். மன்றத்திலே இதற்கென ஓர் உண்டியல் வைப்பது பற்றி அடுத்த பொதுக்கூட்டத்திற் பேசவிருக்கின்றோம். அதற்கு முன்னர், பழைய மிஷன் மடத்திலே தங்கிய பெரியோர்கள் எம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அம்மடத்தின் அறைகள் எத்திசை நோக்கின, சோறு எவ்வேளை இட்டனர், எவர் எவர் ஊரிலிருந்து அரிசி மூடை அனுப்பினர் என்பவற்றை அவர்கள் மன்றச் செயலாளரிடம் சொல்லி எழுதுவிக்கும்படி வேண்டுகின்றோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மன்ற மண்டபம் திறந்திருக்கும்.