திரைப்படத்தில் திருநங்கையரும் குடும்ப உறவும்

ஒரு சமுதாயம் யாரைத் தன் உறவாகக் கொள்கிறது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதை அச்சமுதாயத்தின் இலக்கியமும் கலையும் காட்டிக்கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மக்களின் மனத்தை மிகுதியும் ஆண்ட கலை திரைப்படமே ஆகும். அக்கலை திருநங்கையரை எவ்வாறு கண்டது, அவர்களுக்கும் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கும் இடையிலுள்ள உறவை எவ்வாறு காட்டியது என்று ஆராய்வது, தமிழர் குடும்பத்தின் வரலாற்றையே ஒரு கோணத்தில் ஆராய்வதாகும்.

இலக்கணம் வகுத்த இரு வழி

திருநங்கையர் தமிழுக்குப் புதியவர் அல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரைப் பற்றிப் பேசுகிறது. அப்பெயருக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈற்றையே அது பெறும் என்பது அந்நூற்பாவின் கருத்து. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் ஒன்று பேடு. மணிமேகலையிலோ பேடிக்கோலக் கூத்தைத் தெருவில் நின்று காணும் மக்கள் வருகின்றனர்.

நன்னூல் மேலும் ஒருபடி செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்று அது வகுக்கிறது. ஒருவரின் விருப்பமே பாலைத் தீர்மானிக்கும் என்று ஓர் இலக்கண நூல் கூறியிருப்பது எண்ணி வியக்கத்தக்கது. ஆயினும், இவ்விருவரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று அதே நூற்பா முடிகிறது. மாந்தராக ஏற்பது, மாந்தரல்லாத பொருளாகத் தள்ளுவது என்னும் இவ்விரு வழக்குகளும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் திரைப்படத்திலும் தொடர்ந்தன.

மேடையும் தொடக்ககாலத் திரையும்

பழைய நாடகக் குழுக்களில் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். 'ஸ்திரீபார்ட்' எனப்பட்ட அவ்வேடங்களை ஏற்று வளர்ந்தவர்களுள் சிவாஜி கணேசனும் ஒருவர். ஆனால் அது வேடம். ஒப்பனையைக் கலைத்ததும் முடிந்துவிடும். தன்னைப் பெண்ணென உணரும் ஒருவரின் வாழ்வு அத்தகையதன்று. இவ்வேறுபாட்டைத் திரைப்படம் நெடுங்காலம் உணரவில்லை. பெண் உடையணிந்த ஆண் நகைச்சுவைக்கு உதவினார்; திருநங்கையும் அதே நகைச்சுவைக்குக் கருவியாக்கப்பட்டார். கைதட்டிக்கொண்டு தெருவில் வருவதும், கதைத்தலைவனைச் சீண்டுவதும், அவனால் விரட்டப்படுவதுமே அவருக்குத் தரப்பட்ட பணி. அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. தாய் தந்தையர் இருந்தனரா என்ற வினாவும் எழவில்லை. நன்னூல் இறுதியில் காட்டிய அஃறிணை வழக்கு இங்கே முழு உருப்பெற்றது எனலாம்.

வில்லனாகவும் அவர் காட்டப்பட்டார். 1991இல் வெளிவந்த 'சடக்' என்னும் இந்திப் படத்தில் சதாசிவ் அம்ராபுர்க்கர் ஏற்ற மகாராணி என்னும் கொடிய பாத்திரம், 2000இல் 'அப்பு' என்ற தமிழ்ப்படத்தில் பிரகாஷ்ராஜ் வழியாக மீண்டும் வந்தது. பெண்களை அடைத்துவைத்து வாணிகம் செய்யும் இப்பாத்திரம் குடும்பத்திற்கே எதிரியாகப் படைக்கப்பட்டது.

பிறர் பிள்ளையைக் காத்தவர்

இவற்றுக்கிடையே 1995இல் மணிரத்னத்தின் 'பம்பாய்' வந்தது. கலவரத்தில் பெற்றோரைப் பிரிந்த இரட்டைச் சிறுவர்களுள் ஒருவனுக்குத் திருநங்கை ஒருவர் அடைக்கலம் தருகிறார். சமயத்தின் பெயரால் மக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் வேளையில், எக்குடும்பத்திலும் இடம்பெறாத ஒருவர் ஒரு குடும்பத்தின் பிள்ளையைக் காக்கிறார். காட்சி சிறிது, எனினும் திருநங்கையைத் தாய்மை உணர்வோடு காட்டியது.

இந்தித் திரையுலகம் 1997இல் இவ்வுறவையே முழுக்கதைகளாக்கியது. மகேஷ் பட்டின் 'தமன்னா'வில், கைவிடப்பட்ட பெண்குழந்தை ஒன்றைத் திக்கு என்னும் திருநங்கை எடுத்து வளர்க்கிறார். பெண்ணாகப் பிறந்ததற்காகச் செல்வர் குடும்பம் எறிந்த குழந்தை அது. கல்பனா லாஜ்மியின் 'தர்மியான்' நாற்பதுகளின் பம்பாயை நிலைக்களமாகக் கொண்டது. புகழ்பெற்ற நடிகை ஒருத்தி தான் பெற்ற பிள்ளையின் நிலையை உலகிற்கு மறைக்கப் படும் பாட்டை அது கூறுகிறது. முன்னது வளர்த்த பாசத்தையும், பின்னது பெற்ற பாசத்தின் தடுமாற்றத்தையும் பேசின.

சொல்லும் சட்டமும் மாறிய காலம்

2005இல் வெளிவந்த சந்தோஷ் சிவனின் 'நவரசா', குடும்பத்தின் உள்ளிருந்தே கதையைத் தொடங்கியது. பருவமெய்திய பதின்மூன்று அகவைச் சிறுமி சுவேதா, தன் உறவினர் கௌதம் இரவில் பெண்ணுடையில் இருப்பதைக் காண்கிறாள். அவர் கூத்தாண்டவர் திருவிழாவிற்குக் கூவாகம் சென்றுவிட, அவரைத் தேடி இவளும் செல்கிறாள். சித்திரை முழுநிலவில் அரவானை மணந்து, மறுநாள் கைம்மைக் கோலம் பூணும் மக்களிடையே அவள் கற்பவை பல. திருநங்கையைத் தேடி வீட்டிலிருந்து ஒருவர் புறப்படுவதே இப்படத்தின் புதுமை. தமிழில் சிறந்த படத்திற்கான தேசிய விருதையும் இது பெற்றது.

அக்காலத்தில் சமுதாயத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 'அலி' முதலிய இழிவழக்குகள் நீங்கி, 'அரவாணி' என்பதும், மு. கருணாநிதி 2006இல் மீண்டும் முதலமைச்சரான பின் 'திருநங்கை' என்பதும் அரசு வழக்கில் பரவின. 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விருப்பத்தை அளவுகோலாகக் கொண்ட நன்னூலின் பழைய கருத்து, சட்டத்தின் மொழியில் மறுபிறப்பு எடுத்தது போன்ற நிகழ்ச்சி அது.

2011இல் ராகவா லாரன்சின் 'காஞ்சனா' பெருவெற்றி பெற்றது. அச்சமும் நகைச்சுவையும் கலந்த அப்படத்தில் சரத்குமார் காஞ்சனாவாக நடித்தார். பெற்றோர் வெளியேற்றிய காஞ்சனாவை இசுலாமியர் ஒருவர் தம் வீட்டில் ஏற்கிறார். தமக்குக் கிட்டாத மருத்துவப் படிப்பை இன்னொரு திருநங்கைக்கு வழங்கக் காஞ்சனா உழைக்கிறார். குருதி உறவு அறுந்தவிடத்தில் அன்புறவு முளைப்பதைப் பொதுமக்கள் திரளாகக் கண்டனர். அதே ஆண்டில் வந்த 'நர்த்தகி'யில் கல்கி சுப்பிரமணியம் என்னும் திருநங்கையே தலைமைப் பாத்திரம் ஏற்றார்.

மொழியியலில் முதுகலை பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய 'நான், வித்யா' என்னும் தன்வரலாறு, கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்ற படமாயிற்று. அதில் நடித்த சஞ்சாரி விஜய் 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். தமிழில் எழுதப்பட்ட வாழ்வு தமிழ்த்திரையில் அன்றிக் கன்னடத் திரையில் முதலில் உருப்பெற்றது கருதத்தக்கது.

தந்தை திரும்பிய வீடு

2019ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். ராமின் 'பேரன்பு' அவ்வாண்டு பிப்ரவரியில் திரைக்கு வந்தது. மூளை முடக்குவாதமுற்ற மகளோடு கடலில் மாயத் துணிந்த தந்தையை மீரா என்னும் திருநங்கை காக்கிறார்; மூவரும் ஒரு குடும்பமாகின்றனர். மீராவாக நடித்த அஞ்சலி அமீரும் திருநங்கையே. உலகம் ஒதுக்கிய மூவர் கூடினால் அதுவும் இல்லறமே என்பது படத்தின் முடிவு.

மார்ச்சில் வந்தது தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்'. பல்லாண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுச் சென்ற மாணிக்கம் திரும்புகிறார் என்று சுற்றமெல்லாம் கூடியிருக்கிறது. வண்டியிலிருந்து சேலையுடுத்து இறங்குகிறார் ஷில்பா. பெரியோர் திகைக்கின்றனர், முகத்தைத் திருப்புகின்றனர். முன்பின் தந்தையைக் கண்டிராத மகன் ராசுக்குட்டி மட்டும் அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். அவனுக்குத் தேவை தந்தையின் உருவமன்று, தந்தையின் இருப்பு. எந்த உருவில் இருந்தாலும் தங்களோடு இருந்தால் போதும் என்பதே அவன் வழக்கு. அவனுக்கும் அவன் தாய் ஜோதிக்கும் ஏற்பட்ட காயம், ஷில்பா பெண்ணானதால் வந்ததன்று, சொல்லாமல் பிரிந்ததால் வந்தது என்பதைப் படம் நுட்பமாக உணர்த்துகிறது. இப்பாத்திரத்திற்காக விஜய் சேதுபதி 67ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணைநடிகர் ஆனார். எனினும், பிள்ளைகளைக் கடத்தி இரவலர்க்கு விற்கத் துணைநின்றதாக ஷில்பா கூறும் பகுதி, திருநங்கையர் மீதான பழைய பழியைப் புதுப்பிப்பதாகும் என அவர்களிடமிருந்தே கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானது.

2020இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்', 1981ஆம் ஆண்டின் சிற்றூரைக் காட்டுகிறது. காளிதாஸ் ஜெயராம் ஏற்ற சத்தார், அறுவை மருத்துவத்திற்கெனச் சேர்த்த பணத்தைத் தம் தங்கையும் தாம் நேசித்தவனும் இணைந்து வாழ்வதற்கே கொடுத்துவிடுகிறார். அவரையோ ஊரும் வீடும் கைவிடுகின்றன, அவர் உயிரிழக்கிறார்.

எஞ்சி நிற்கும் குறை

இப்படங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பிறர் பிள்ளையைக் காத்தால், பிறர்க்காகப் பொருளைத் துறந்தால், அன்றி உயிரையே துறந்தால்தான் திருநங்கை அன்புக்குரியவர் ஆகிறார். மற்ற மகனுக்கோ மகளுக்கோ குடும்பம் இத்தகைய விலையைக் கேட்பதில்லை. பிறந்ததே அவர்களுக்குப் போதிய தகுதி. அவர்களை ஏற்பவரைப் பாருங்கள்: அயலார் ஒருவர், ஒதுக்கப்பட்ட தந்தை ஒருவர், ஒரு சிறுமி, ஒரு சிறுவன். பெற்ற தாயும் தந்தையும் முழுமனத்தோடு கதவைத் திறக்கும் காட்சி இவற்றுள் அரிது.

'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ராசுக்குட்டி தன் தந்தையைப் பெருமையோடு அழைத்துச் செல்லும் இடம் பள்ளிக்கூடம். ஏளனம் அவர்களை எதிர்கொள்ளும் இடமும் அதுவே. இகழ்ச்சி பிறவியில் வருவதன்று, கற்பிக்கப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. கற்பிக்கப்பட்டதை மாற்றிக் கற்பிக்கவும் இயலும். தொல்காப்பியம் உயர்திணை ஈறு தந்து போற்றிய மாந்தரை 'அவர்' என்று அழைக்க வகுப்பறை பழக்குமானால், வீட்டின் கதவு திறப்பதற்கு நெடுங்காலம் ஆகாது.