வெங்காயமும் விலக்கும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியின் வரலாற்றை எழுதியோர் துறைமுகம், கோட்டை, கோயில் ஆகியனவற்றையே பெரிதும் நோக்கினர். தோட்டமும் அடுக்களையும் அவர்தம் கவனத்தை ஈர்க்கவில்லை. வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல் போன்ற ஊர்களிலே உழைப்பாளி பழஞ்சோற்றோடு கடித்துக்கொண்ட வெங்காயத்துக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அதனை யார் உண்டனர், யார் விலக்கினர், விலக்கியதனால் யார் பயன் பெற்றனர் என்னும் வினாக்களே இங்கு நமக்கு முக்கியமானவை.

வெங்காயத்தின் தாயகம் மத்திய ஆசியாவும் ஈரானை அடுத்த பகுதிகளும் என்பது தாவரவியலாளர் கருத்து. கி.மு. 1700 அளவில் எழுதப்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடுகளிலுள்ள சமையற் குறிப்புகளில் அது இடம்பெறுகின்றது. எகிப்தியப் பிரமிட்டைக் கட்டிய தொழிலாளருக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வழங்க 1600 தாலந்து வெள்ளி செலவாயிற்று எனக் கல்வெட்டொன்று கூறுவதாக ஏரொதோத்தசு எழுதினார். அது மொழிபெயர்ப்பாளன் வாய்மொழியாகக் கேட்ட செய்தி. தொகையை நம்புதல் அரிது. ஆயினும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெங்காயம் உழைப்போர் உணவாகவே எண்ணப்பட்டது என்பதற்கு அது சான்றாகும்.

இந்தியாவிலோ நிலைமை சிக்கலானது. ‘பலாண்டு’ எனப்பட்ட வெங்காயம் வாதத்தைத் தணிக்கும், வலிமை தரும், சுவை கூட்டும் என்று சரக சங்கிதை கூறுகின்றது. மனுதர்ம சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயமோ அதனைப் பூண்டு, காளான் என்பவற்றோடு சேர்த்து இருபிறப்பாளர்க்கு விலக்குகின்றது. அறிந்தே உண்டவன் சாதியினின்று வீழ்வான் என்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், சண்டாளர் தவிர வேறெவரும் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்று எழுதினார். நாடு முழுவதற்கும் அது பொருந்தியிருக்க முடியாது. மேலோர் தம்மைப்பற்றிச் சொல்லிய கதையையே அவர் பதிவு செய்தார் எனலாம். மருத்துவன் உடலைக் கண்டு பேசினான். தருமநூலோன் படிநிலையைக் கண்டு பேசினான். மணமும் காரமும் இழிவின் அடையாளமாக்கப்பட்டமை கருத்துநிலையின் தொழிற்பாடேயன்றி வேறன்று.

தமிழிலே ‘உள்ளி’ என்னும் சொல் தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் வழங்குவது. ஆதலின் இவ்வினத்தின் அறிமுகம் பழமையானதெனக் கொள்ளலாம். யாழ்ப்பாண வழக்கில் ‘உள்ளி’ பூண்டையே குறிக்கும். ‘வெங்காயம்’ காரத்தைச் சுட்டிய காரணப்பெயர். மிளகையும் புளியையும் பேசும் சங்கப் பாடல்கள் அதனைப் பேசுவதில்லை. 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகத்தின் பெயரில் வழங்கும் தனிப்பாடலொன்றிலே அச்சொல் உடலைக் குறிக்கும் சிலேடையாகின்றது. கேட்டோர் உடனே விளங்கிக்கொள்ளும் அளவிற்குப் பொருள் பரவியிருந்தாலன்றிச் சிலேடை பயனற்றது.

தீவகம் கடல் வாணிபத்தோடு நெடுங்காலத் தொடர்புடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விடுத்த ஆணை. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திருக்க வேண்டுமென்றும், கப்பல் உடையின் யானை குதிரைகளில் நாலிலொரு கூறும் ஏனைச் சரக்கிற் பாதியும் பண்டாரத்துக்கு உரியன என்றும் அது விதிக்கின்றது. வெங்காயத்தை அது குறிப்பிடவில்லை. அரசின் கண் பெறுமதியான சரக்கின்மீதே இருந்தது.

வெங்காயம் யாழ்ப்பாணத்தின் முதன்மைப் பணப்பயிர்களுள் ஒன்றானது அண்மைக்காலத்ததே. ஒல்லாந்தர் காலத்திலிருந்து அவ்விடம் புகையிலைக்குரியது. சிறு காய்களையே விதையாக நட்டு, துலாவினாலும் பின்னர் நீரிறைக்கும் இயந்திரத்தினாலும் நீர்பாய்ச்சி இரண்டு மூன்று மாதங்களிற் கிண்டப்பட்டது சின்ன வெங்காயம். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை உயர்ந்தது. யாழ்ப்பாணக் கமக்காரர் கையில் பணம் புழங்கியது. ஆனால் நிலமும் கிணறும் இயந்திரமும் உடையோரிடமே அதிற் பெரும்பங்கு சேர்ந்தது. குடிநீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட சாதியினர் பலர் கூலிக்கே உழைத்தனர். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு இறக்குமதி வெங்காயம் சந்தையை நிறைத்தது; விலை வீழ்ந்தது. 1990களின் முற்பகுதியிலே போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, தோட்டங்கள் பல தரிசாயின.

விரத நாட்களிலே வெங்காயத்தை விலக்கும் வழக்கம் சைவக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்நாட்களில் அடுக்களைக்குட் புகாத அப்பொருள், விலை ஏறும்வரை அதே வீடுகளின் வளைகளிலே கட்டுக்கட்டாகத் தொங்கியது.