வக்கீல் வைப்பதும் குற்றம்

கனடா தேசத்தில் 1927-ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான சட்டம் செய்தார்கள். அந்நாட்டு ஆதிகுடிகள் தங்கள் நில உரிமைக்காக வழக்காட, அரசாங்கத்தின் அனுமதியின்றி யாராவது பணம் திரட்டினால் தண்டனை உண்டு. பணமில்லாமல் வக்கீல் ஏது? பறிகொடுத்தவன் வக்கீல் வீட்டுப் படியேறுவதையே குற்றமாக்கிவிட்ட சாமர்த்தியத்தை என்னென்பது! 1951 வரை 24 ஆண்டுகள் இச்சட்டம் நீடித்தது.

அது ஒழிந்து 6 ஆண்டுகளுக்குப் பின் கறுப்பு அங்கி தரித்தவர் தாமஸ் பெர்கர். 1933-இல் பிறந்த வெள்ளையர். கதை எழுதுகிறவனுக்கு வீரர்களைவிடப் பொறுமைசாலிகள் மீதுதான் அதிகப் பிரியம். பெர்கர் அந்த ஜாதி.

1963-இல் வான்கூவர் தீவில் ஆதிகுடியினர் இருவர், வேட்டை கூடாத காலத்தில் ஆறு மான்களை வைத்திருந்ததாகப் பிடிபட்டார்கள். ஆளுக்கு 100 டாலர் அபராதம். பெர்கர் அவர்களுக்காக வாதாடினார். கவர்னர் டக்ளஸ் 1854-இல் இவர்களுடைய முன்னோரிடம் கீறல் குறிகளைக் கையெழுத்தாக வாங்கி நிலம் பெற்றாரே, அந்தக் காகிதம் ஓர் உடன்படிக்கை அல்லவா? வேட்டை உரிமை அதில் அடங்கும் அல்லவா? 1965-இல் உச்ச நீதிமன்றமும் ஆமென்றது.

அடுத்து வந்தது பெரிய வழக்கு. நாஸ் நதிப் பள்ளத்தாக்கின் நிஸ்கா மக்கள் 1887-லேயே தலைநகர் விக்டோரியாவுக்குப் போய் முறையிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள். அவர்களுடைய தலைவர் பிராங்க் கால்டரின் பெயரால் பெர்கர் வழக்குத் தொடுத்தார். முதல் கோர்ட்டில் தோல்வி. மேல் கோர்ட்டிலும் தோல்வி. நிஸ்காவின் முன்னோர் நாகரிகம் அறியாத ஆதிமனிதர்கள் என்று அங்கே தலைமை நீதிபதியே எழுதி வைத்தார். 1973 ஜனவரி 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. மூவர் நிஸ்காவின் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம், ஏழாமவரோ, அரசாங்கத்தின் முன்னனுமதி பெறவில்லையென்று வழக்கைத் தள்ளினார். ஆகவே தோல்விதான். ஆனால் வெள்ளையர் வருமுன்பே அந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை இருந்ததென்பதை அந்த ஆறு பேருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள்! அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதில்தான் பிளவு. அதே ஆண்டு அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது.

அதற்குள் பெர்கர் நீதிபதியாகியிருந்தார். வடதுருவப் பகுதியிலிருந்து மெக்கன்ஸி பள்ளத்தாக்கு வழியே எரிவாயுக் குழாய் போடலாமா என்று விசாரிக்கும் பொறுப்பு 1974-இல் அவரிடம் வந்தது. தலைநகரில் உட்கார்ந்தபடி நிபுணர்களைக் கேட்டு அறிக்கை எழுதியிருக்கலாம். அவர் செய்தது வேறு. 35 ஊர்களுக்குத் தாமே போய், ஊர்ச் சாவடிகளில் அமர்ந்து, ஏறக்குறைய 1,000 பேர் பேசுவதைக் கேட்டார். வேடர்களும் கிழவிகளும் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். நிலத்தின் சொந்தக்காரர்களைக் கேட்காமல் நிலத்தைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வது?

வடக்கு யூக்கானில் குழாய் கூடவே கூடாது. பள்ளத்தாக்கில் 10 ஆண்டுகள் பொறுங்கள், முதலில் நில உரிமையைத் தீர்த்து வையுங்கள் என்று 1977-இல் அறிக்கை தந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் குழாய் போடப்படவே இல்லை.

1981-இல், புதிய அரசியல் சட்டத்தின் வரைவிலிருந்து ஆதிகுடிகளின் உரிமையை நீக்கியபோது, நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். உரிமை மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆனால் நீதிபதி இப்படிப் பேசலாமா என்று விசாரணை வந்தது. 1983-இல் அவர் பதவியை உதறினார். நீதிபதி வாய் திறக்கக் கூடாதென்பது நல்ல விதிதான். ஆயினும், ஒரு ஜனத்தின் பெயரையே ஏட்டிலிருந்து அழிக்கும்போது மௌனம் காப்பது எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்பதையும் யோசிக்க வேண்டும்.

நிஸ்கா உடன்படிக்கை 2000-இல் அமலுக்கு வந்தது. கிடைத்தது ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். கேட்டதில் ஒரு சிறு பங்கு. பெர்கர் ஓயவில்லை. 2017-இல், 84-ஐ எட்டும் வயதில், யூக்கான் மக்களுக்காக மறுபடி உச்ச நீதிமன்றத்தில் நின்று வென்றார். 2021-இல் காலமானார்.