அரை டன் வண்டியின் கதை

அமெரிக்காவில் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகளை ‘அரை டன்’, ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ என்று வகைப்படுத்தி அழைப்பது வழக்கம். அந்நாட்டு டன் 2,000 பவுண்டு. அதாவது சுமார் 907 கிலோகிராம். அப்படியானால் அரை டன் வண்டி ஏறத்தாழ 454 கிலோகிராம் சுமக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இன்று அப்பெயருடைய வண்டிகள் பல அதைவிட மிகுதியாகச் சுமக்கின்றன. பெயர் ஒன்று, சுமை வேறொன்று என்ற நிலை எப்படி வந்தது?

ஒரே எஞ்சின், இரண்டு வண்டிகள்

1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ காரை வெளியிட்டது. அதன் எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைத்திறன். 1917இல் வந்த ‘மாடல் டிடி’ ஒரு டன் சுமக்கும் லாரி. வியப்பு என்னவென்றால், இதிலும் இருந்தது அதே எஞ்சின்தான்! அடிச்சட்டம் நீண்டது, பின் அச்சு வலுவானது, பல்சக்கர விகிதம் மாறியதால் வேகம் குறைந்து இழுவிசை கூடியது. மாடு ஒன்றே, வண்டிதான் வேறு எனலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சுமையின் எல்லையை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. அடிச்சட்டம், ஸ்பிரிங் பட்டைகள், அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றுள் எது மிக நலிந்ததோ அதுவே எல்லையை வகுக்கிறது.

பெயர் நின்றது, பொருள் மாறியது

1925இல் ஃபோர்டு, மாடல் டி காரின் பின்புறம் சரக்குத் தொட்டி பொருத்திய பிக்கப்பைத் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. அதன் பிறகு டயர்களும் ஸ்பிரிங்குகளும் வலுப்பெற்றன. பழைய பெயர்களோ அப்படியே நின்றுவிட்டன.

1966இல் அமெரிக்கா மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, வண்டி, எரிபொருள், ஆட்கள், சரக்கு யாவும் சேர்ந்த மொத்த எடையின் உச்ச வரம்பு வண்டியிலேயே பொறிக்கப்படலாயிற்று.

ஆனால் எண்ணிலும் வணிகம் புகுந்தது. 1975இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அவ்விதிகள் தளர்வாக இருந்தன. அந்த வரம்பைத் தாண்டுமாறு அமைக்கப்பட்டதே புகழ்பெற்ற ‘எஃப்-150’.

மலைச்சாலையில் ஒரு தேர்வு

பின்னால் டிரெய்லரை இழுக்கும் எடையில் குழப்பம் இன்னும் பெரிது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சோதனை வைத்துக்கொண்டு எண்ணை அறிவித்தது. 2008இல் எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கம் ‘ஜே2807’ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணையருகே ஏறும் சுமார் 12 மைல் மலைச்சாலையே அதற்கு அளவுகோல். கடும் வெயிலில், குளிர்சாதனமும் இயங்க, முழுச் சுமையுடன் வண்டி ஏற வேண்டும். சாதாரண பிக்கப்பின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. 2011 மாடலுக்கு முதலில் இத்தரத்தை ஏற்ற டொயோட்டா, தன் டுன்ட்ரா வண்டியின் இழுவை எண்ணைக் குறைக்க வேண்டியதாயிற்று! மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்தே பின்தொடர்ந்தன.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு வண்டியின் மொத்த எடை வரம்பு 3,200 கிலோ. எரிபொருளுடன் வெறும் வண்டி 2,450 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 750 கிலோ. தலைக்கு 75 கிலோ வீதம் நால்வர் ஏறினால் 300 போய் 450 கிலோ எஞ்சும்.

விளம்பரம் ‘4,500 கிலோ இழுக்கும்’ என்கிறது. ஆனால் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, இணைப்புக் கொக்கியின் வழியாக வண்டியின் மேலேயே அழுத்தும். 12 விழுக்காடு எனில் 540 கிலோ! எஞ்சியதோ 450 கிலோதான். இழுவை எல்லையை எட்டும் முன்பே சுமை எல்லை கடந்துவிட்டது. டிரெய்லர் 3,750 கிலோவாக இருந்தாலே மிச்சம் முழுதும் தீர்ந்துவிடும். அதன்பின் ஒரு பெட்டி வைக்கவும் இடமில்லை.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்கும், ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. இவற்றுள் எது முதலில் தீருகிறதோ அதுவே உங்கள் எல்லை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு தாங்காது. ஆகவே வண்டியின் பெயரை நம்பாதீர்கள்; அதன் தகட்டைப் படியுங்கள், சுமையேற்றிய வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள்.