கெமிஸ்தமும் நாங்களும்

1875இல் தமிழில் ஓர் இரசாயனவியல் நூல் வந்தது. பெயர் 'கெமிஸ்தம்'. அதன் பின்னால் நின்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிசனரி.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தவர். படிச்சு முடிச்ச கன பேர் அரசாங்க வேலைக்குப் போயிட்டினம்; கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சேல்லை. 1864இல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மொழிதான் வைத்தியரை ஊரில் நிறுத்தும் என்று கண்டுகொண்டவரும் அவர்தான். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை.

தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார்; இல்லாட்டி வடமொழி; அதுவும் சரிவராட்டி ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடுப்பு. 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்த சொல்தான்.

இண்டைக்கு நாங்கள் உயர்தரம் வரைக்கும் தமிழில் இரசாயனவியல் படிக்கிறம். பல்கலைக்கழக வாசலோடு தமிழ் நிண்டுவிடுகிறது. அதற்கு அங்கால உள்ளதைத் தமிழில் சொல்லேலாதா? ஒருக்கால் சொல்லிப் பார்ப்பம்.

எங்கட கலங்களில் சில புரதங்களின் மேல் கொழுப்பமிலம் ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணெய் வால்தான் புரதத்தைக் கல மென்சவ்வில் கொழுவி வைக்கிறது. புற்றுநோயோடு தொடர்புள்ள ராஸ் புரதங்களும் இப்படித்தான் கொழுப்பு வாலால் மென்சவ்வில் நிற்கின்றன. எந்தப் புரதத்தில் வால் இருக்கு எண்டு அறிவது எப்படி? முந்தி, கதிர்வீச்சுள்ள ஐதரசன் சேர்த்த பாமிற்றிக் அமிலத்தைக் கலத்துக்குக் கொடுத்து, பிலிமில் தடம் விழக் கிழமைக் கணக்காகக் காத்திருந்தார்கள். இப்ப, நுனியில் மும்மைப் பிணைப்புள்ள கொழுப்பமிலத்தைக் கொடுப்பார்கள். உயிருள்ள கலம் வித்தியாசம் தெரியாமல் அதையே புரதத்தில் ஒட்டும். பிறகு கலத்தை உடைத்து, மூன்று நைதரசன் கொண்ட ஏசைட்டு ஒன்றை ஒளிரும் சாயத்தோடு விட்டால், செம்பின் உதவியோடு இரண்டும் 'கிளிக்' எண்டு பூட்டிக்கொள்ளும். செம்பு கலத்துக்கு நஞ்சு. அது தேவைப்படாத வழியை உருவாக்கிய கரோலின் பெர்டோசி, 2022இல் மெல்டால், சார்ப்ளெஸ் ஆகியோருடன் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சொல்லியாச்சு. தமிழ் தடுக்கேல்லை. மானிப்பாயில் கிறீன் பேரில் ஆசுப்பத்திரி இருக்கு. 'கெமிஸ்த'த்துக்கு அடுத்த அத்தியாயத்தை நாங்கள்தான் எழுதவேணும்.