செயலி நிறுவனத்தை மூடுவது எப்போது, எப்படி?

2024 ஜூலை 3 அன்று 'கூ' செயலி மூடப்படுவதாக அதன் நிறுவனர்கள் அப்ரமேயா ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிதவாத்காவும் அறிவித்தார்கள். 2020-ல் பெங்களூருவில் தொடங்கி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இயங்கிய செயலி அது. உச்சத்தில் தினசரிப் பயனாளர்கள் 21 லட்சம். முதலீடோ 6 கோடி டாலருக்கும் மேல். புதிய முதலீடு வற்றியது. பெரிய நிறுவனங்களுடன் நடந்த பேச்சும் பலிக்கவில்லை. கையெழுத்தாகும் நேரத்தில் சிலர் பின்வாங்கியதாக அவர்களே எழுதினார்கள்.

திருப்பூரிலும் நம் பிள்ளைகள் ஜாப் ஒர்க் பிடித்துத் தர, ஆள் தேட என்று செயலி தொடங்குகிறார்கள். பனியன் தொழிலில் ஆர்டர் ரத்தானால் சரக்கைக் காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாகத் தள்ளிவிடலாம், பவர் டேபிளையும் விற்கலாம். செயலியில் அப்படி மிஞ்சுவது சொற்பம். ஆள் வராத செயலியின் நிரலை யார் வாங்குவார்கள்? சர்வர் வாடகை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். ஆகவே கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஊழியர் சம்பளம், பி.எப்., சப்ளையர் பாக்கி ஆகியவற்றைத் தீர்க்கும் தொகை கையில் இருக்கும்போதே நிறுத்துவதுதான் முறை. வீட்டு நகையை அடகு வைத்து இன்னும் மூன்று மாதம் ஓட்டுவதை நாம் தைரியம் என்று சொல்ல மாட்டோம்.

பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டால் புதியவர்கள் இறக்க முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் போனில் செயலி இருக்கும். எனவே முன்கூட்டியே அறிவித்து, சந்தா பிடித்தத்தை நிறுத்தி, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பயனாளர்களின் தொலைபேசி எண்களை வேறொருவருக்கு விற்பது அமானிதத்தில் கைவைப்பது.

பிரைவேட் லிமிடெட் என்றால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 248-ஆம் பிரிவின்படி பெயரை நீக்கக் கோரலாம். எஸ்.டி.கே-2 படிவம், கட்டணம் ரூ.10,000. கடன் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். தொழில் நடந்துவந்த கம்பெனி என்றால், முந்தைய இரண்டு நிதியாண்டுகளாகத் தொழில் நடக்காதிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-10 என்னும் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது மச்சான் போட்ட பணத்தைப் பற்றித்தான். பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்ற முளாரபா ஒப்பந்தமானால், நஷ்டம் முதலைச் சேரும். உழைத்தவருக்கு அவர் உழைப்பு நஷ்டம். அவர் அலட்சியமாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடந்திருந்தால் மட்டுமே ஈடு கட்ட வேண்டும். இருவரும் பணம் போட்ட கூட்டு என்றால், போட்ட விகிதத்தில் நஷ்டம். ஆனால் "கைமாற்றாகத் தருகிறேன்" என்று வாங்கியிருந்தால் அது கடன். தொழில் முடிந்தாலும் கடன் முடியாது. நிறைய வீடுகளில் எது என்று எழுதியே வைப்பதில்லை, சச்சரவு அங்கேதான் ஆரம்பம். கடன்பட்டவர் உண்மையிலேயே நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தரும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் பணிக்கிறது. அடைக்க வழியில்லாத கடனாளி ஸகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர். ஜமாஅத்தை அணுக அவர் கூச வேண்டியதில்லை.