ஒரு லிங்க் மெதுவா நிறம் மாற எத்தனை வருஷம் ஆச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வரி கோட் பத்தி.

ஒரு வெப்சைட் மெனுவுல லிங்க் மேல மவுஸைக் கொண்டு போறீங்க. எழுத்தோட நிறம் சட்டுனு மாறாம மெதுவா மாறுது. மவுஸை நகர்த்தினா அதே மாதிரி மெதுவா பழைய நிறத்துக்குத் திரும்புது. சிஎஸ்எஸ்ல இதுக்கு 'ட்ரான்சிஷன்'னு ஆரம்பிக்கிற ஒரு வரி போதும். இன்டர்ன் சேர்ந்த முதல் நாளே எழுதிடலாம். ஆனா அந்த ஒரு வரி வர்றதுக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்த நேரமும் சரியில்லை. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

1996 ஆரம்பத்துக்குப் போவோம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2-ல ஜாவாஸ்கிரிப்ட் வந்தாச்சு. ஒரு லிங்க் மேல மவுஸ் வந்திருக்குன்னு கண்டுபிடிக்க முடியும், ஆனா கண்டுபிடிச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்துல வந்து உக்காந்த எழுத்தோட நிறத்தைத் தொடவே வழியில்லை. அதிகபட்சம், ப்ரவுசரோட அடியில இருக்கிற ஸ்டேட்டஸ் பார்ல ஒரு வாக்கியம் காட்டலாம். அதையே அப்போ பெருமையா பண்ணாங்க.

அதே வருஷம் ஆகஸ்ட்ல நேவிகேட்டர் 3 வந்தது. இப்போ பக்கத்துல இருக்கிற ஒரு படத்தைத் தூக்கிட்டு இன்னொரு படத்தை வைக்கலாம். எழுத்தை மாத்த முடியாது, படத்தை மாத்தலாம். அப்போ எழுத்தையே படமா ஆக்கிட்டா?

அதைத்தான் பண்ணாங்க. 'ஹோம்'னு எழுதின ஒரு ஜிஃப், அதையே பளிச்சுனு எழுதின இன்னொரு ஜிஃப். மெனுவுல ஆறு லிங்க்னா பன்னிரண்டு படம். இதெல்லாம் 28.8 கேபிபிஎஸ் மோடம் வழியா வரணும். மவுஸ் மேல வந்த பிறகுதான் ரெண்டாவது படத்தை ப்ரவுசர் கேக்கும். அது இறங்கி வர்றதுக்குள்ள ஆள் மவுஸை நகர்த்திட்டுப் போயிருப்பார். அதனால பக்கம் திறக்கும்போதே எல்லாப் படத்தையும் முன்கூட்டியே இறக்கி வைக்க 'ப்ரீலோட்' கோட் எழுதினாங்க. 1997 கடைசியில மேக்ரோமீடியாவோட ட்ரீம்வீவர் வந்தப்புறம் அதைக் கையால எழுதவே வேண்டாம், மெனுவுல க்ளிக் பண்ணா அதுவே எழுதிக் கொடுக்கும். அந்தக் காலத்துப் பக்கங்களோட சோர்ஸைத் திறந்தா 'எம்எம் ஸ்வாப் இமேஜ்'னு ஒரு ஃபங்ஷன் கண்ணுல படும். எம்எம்னா மேக்ரோமீடியா.

யோசிச்சுப் பாருங்க, ஒரு நிற மாற்றத்துக்காக எழுத்து எழுத்தா இருக்கிறதையே நிறுத்திட்டாங்க. படத்துக்கு மாற்று எழுத்து கொடுக்கலைன்னா, ஸ்க்ரீன் ரீடர் வச்சுக் கேக்குறவங்களுக்கு அந்த மெனுவுல என்ன இருக்குன்னே தெரியாது. அப்போ அதைப் பெரிசா யாரும் கணக்குல எடுத்துக்கலைன்னுதான் எனக்குத் தோணுது.

சரியான வழி பக்கத்துலயே இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, 1997-லயே லிங்க்குக்கு 'ஹோவர்' நிலையைப் புரிஞ்சுக்கிச்சு. 1998 மே மாசம் சிஎஸ்எஸ் 2 அதைத் தரமாவே ஆக்கிச்சு. ஆனா நெட்ஸ்கேப் 4-க்கு ஹோவர்னா என்னன்னே தெரியாது. பாதிப் பேர் அதுல இருந்ததால ரெண்டு வழியையும் கட்டி இழுத்தாங்க. அப்புறம், சிஎஸ்எஸ் ஹோவர்ல நிறம் பட்டுனுதான் மாறும். நடுவுல எதுவும் கிடையாது.

மெதுவா மாறணும்னா ஃப்ளாஷ். மெனு முழுசையும் ப்ளக்இன்னுக்குள்ள தள்ளணும். அழகா இருக்கும், ஆனா ப்ளக்இன் இல்லாதவனுக்கு மெனுவே இல்லை.

2006 ஜனவரியில நியூயார்க் பார்கேம்ப்ல ஜான் ரெசிக் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தினார். அதுக்கப்புறம் ஃபேட் பண்றது எல்லாருக்கும் எட்டுச்சு. 13 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஜாவாஸ்கிரிப்ட் எழுந்து மதிப்பைக் கொஞ்சம் மாத்தும். அதை நம்ம கண்ணு ஃபேடுன்னு எடுத்துக்கும். வேடிக்கை என்னன்னா, நிறத்தை மட்டும் அதால மெதுவா மாத்த முடியாது, தனி ப்ளக்இன் வேணும். அதனால ரெண்டு லேயரை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மேல இருக்கிறதை மறைய வைப்பாங்க.

இதுல ஒரு பக் எல்லாரையும் கடிச்சது. மவுஸை மெனு மேல இடமும் வலமுமா நாலு தடவை வேகமா ஓட்டுங்க. ஒவ்வொரு ஃபேடும் வரிசையில போய் நிக்கும். நீங்க மவுஸை எடுத்துட்டு டீ குடிக்கப் போனாலும் மெனு தனியா மினுக்கிட்டே இருக்கும். 1.2 பதிப்புல 'ஸ்டாப்' ஃபங்ஷன் வந்த பிறகுதான் அதை ஒழுங்கா நிறுத்த முடிஞ்சது.

2007 அக்டோபர்ல ஆப்பிளோட வெப்கிட் டீம் சிஎஸ்எஸ் ட்ரான்சிஷனை வெளியில சொன்னாங்க. ப்ரவுசரே பாத்துக்கும், பாதியில மவுஸை எடுத்தா பாதியில இருந்தே திரும்பும். வரிசை கிடையாது. 2009 மார்ச்ல டபிள்யூ3சி வரைவு வந்தது. அப்புறம் வெப்கிட்டுக்கு ஒண்ணு, மோசில்லாவுக்கு ஒண்ணு, ஓபராவுக்கு ஒண்ணுன்னு அதே வரியை நாலு தடவை எழுதின காலம் சில வருஷம் ஓடுச்சு. 2012-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-லயும் வந்தாச்சு.

இப்போ, நேரம் சரியில்லைன்னு சொன்னேனே. வெப்கிட் அதை அறிவிக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடி, 2007 ஜூன் 29 அன்னைக்குதான் ஐஃபோன் விற்பனைக்கு வந்தது. அதுக்குள்ளயும் அதே வெப்கிட். விரல் ஸ்க்ரீன் மேல மிதக்காது. தொடும், இல்லை தொடாது, அவ்வளவுதான். ஹோவரை அழகாக்கின கம்பெனியே ஹோவர் இல்லாத உலகத்தையும் கொண்டு வந்தது.

நிறம் மட்டும்னா நஷ்டம் இல்லை. ஆனா 2003-ல சக்கர்ஃபிஷ் டிராப்டவுன் பிரபலமானதுல இருந்து, துணை மெனுவையே ஹோவருக்குள்ள ஒளிச்சு வைக்கிற பழக்கம் ஊறிப்போச்சு. நானும் விதிவிலக்கு இல்லை. என் முதல் வேலையில ஒரு க்ளையன்ட்டுக்கு மெனு பண்ணேன். லேப்டாப்ல வெண்ணெய் மாதிரி ஃபேட் ஆகும். பெருமையா அம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன்.

"டேய், தொட்டா ஏதோ மின்னுது, அப்புறம் வேற பக்கம் போயிடுது. ஃபோன் நம்பர் எங்கடா இருக்கு?"

நம்பர் துணை மெனுவுக்குள்ள இருந்தது. தொட்ட உடனே ஹோவரும் க்ளிக்கும் ஒண்ணாவே நடந்து, மெனு எட்டிப் பாத்துட்டு மறைஞ்சுடுச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் 'ஹோவர்' மீடியா க்வெரி பத்திப் படிச்சேன். மவுஸ் இருக்கிற கருவியில மட்டும் ஹோவரைப் போடச் சொல்ற வசதி. ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பர்லதான் அதைச் சேர்த்தது. கீபோர்டுல டேப் அழுத்தி வர்றவங்களுக்கும் அதே நிற மாற்றம் கிடைக்க 'ஃபோகஸ்' விதியைச் சேர்த்தேன். அசைவு பிடிக்காதுன்னு செட்டிங்ஸ்ல சொன்னவங்களுக்கு ஃபேடை எடுத்துட்டேன். துணை மெனுவுக்கு, தொட்டா திறக்கிற ஒரு பட்டன். ஃபேட் 150 மில்லிசெகண்ட், நிறத்துக்கு மட்டும்.

மறுபடி அம்மாவுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. அரை மணி நேரம் கழிச்சுக் கேட்டா, "நம்பர் கிடைச்சது, பேசியாச்சு"ன்னாங்க.